பைக்குல எமர்ஜென்சி டூல் கிட்: என்னெல்லாம் வேணும், எங்க வைக்கது? குமரி மாவட்ட ஆளுங்க சொல்லுங்க

மார்த்தாண்டம்_நைட்ஷிப்ட்

எல்லாருக்கும் வணக்கம். வேலை கன்னியாகுமரியில ஒரு ஓட்டல்ல, வீடு மார்த்தாண்டத்துல இருந்து கொஞ்சம் உள்ள, போக வர நூறு கிலோமீட்டர் பக்கம் வரும். ஷிப்ட் முடிஞ்சி திரும்பும்போ ராத்திரி ஒரு மணி ஆயிரும். வண்டி செகண்ட்ஸ்ல எடுத்த 2021 மாடல் 150 சிசி, எஃப்ஐ (ஃபியூல் இன்ஜெக்ஷன், கார்புரேட்டர் கிடையாது), ரெண்டு வீலும் ட்யூப்லெஸ், சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. சீட்டுக்கு அடியில கம்பெனி டூல் பை இருக்கு, ஆனா வெறும் உறைதான், உள்ள உள்ளது ஒண்ணையும் காணல.

ஆன்லைன்ல 46 பீஸ் சாக்கெட் செட்டு ஒண்ணும் 108 பீஸ் ஒண்ணும் பாத்து வச்சிருக்கேன். எது வாங்கலாம்? வேற என்னெல்லாம் வேணும்? ராத்திரி அந்த நேரத்துல தக்கலை தாண்டி வல்லதும் ஆச்சுன்னா ஒரு கடை தொறந்திருக்காது, அதான் கேக்கேன்.

வடசேரி வம்பன்

108 பீஸ் எதுக்குலே மக்கா, 108க்கு போன் அடிச்சா ஆம்புலன்ஸே வருமே 😄

உள்ளத சொல்லுதேன். போன்ல சார்ஜ், பர்ஸ்ல ஐநூறு ரூவா, தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரு நம்பர், வண்டி வச்சிருக்க கூட்டுக்காரன் ஒருத்தன். இதுக்கு மேல ஒரு கிட்டும் வேண்டாம். ஸ்பானர் பிடிக்க தெரியாதவன் கையில டூல் கிட் குடுத்தா வண்டிக்குத்தான் கேடு.

தக்கலை ஸ்பானர்

வம்பன் சொன்னதுல கடைசி வரி மட்டும் சரி. மத்தபடி நடுராத்திரி மெக்கானிக்க எழுப்புனா அவன் வருவான்னு யாரு சொன்னா, நானே போன சைலண்ட்ல போட்டுட்டுத்தான் கெடப்பேன்.

தம்பி, அந்த 46ம் வேண்டாம் 108ம் வேண்டாம். அதுல பாதிக்கு மேல உன் வண்டியில எங்கயும் மாட்டாது. மூணு சைஸ் பிட்டு, அஞ்சாறு குட்டி சாக்கெட்டு, எல்லாம் மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் உள்ளது. உனக்கு வேண்டிய பின் ஆக்சில் (வீலுக்கு நடுவுல போற தண்டு) நட்டு சைஸ் பாத்தா அதுல மட்டும் இருக்காது, ஏன்னா பெரிய சாக்கெட் வச்சா வெலை ஏறும். போதாததுக்கு மலிவு செட்டு சாக்கெட்ல உள்பக்கம் பன்னெண்டு மூலை, இறுகின நட்டுல போட்டு தம் பிடிச்சா நட்டோட மூலைய வழிச்சு உருட்டி விட்டுரும். ஆறு மூலை சாக்கெட் வாங்கு, இல்லன்னா நல்ல ரிங் ஸ்பானர் வாங்கு. டபாரியா மாதிரி தெரிஞ்ச கம்பெனி ரிங் ஸ்பானர் தனித்தனியாவே கிட்டும், நாகர்கோவில் மீனாட்சிபுரம் பக்கம் ஹார்டுவேர் கடைகள்ல கேளு.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு ஞாயித்துக்கிழமை வண்டி பக்கத்துல உக்காரு, பேப்பர் பேனா எடு. ரோட்டுல நின்னா நீயே கழட்டக் கூடியது என்ன என்னன்னு பாரு. பேட்டரி டெர்மினல், சைடு கவர், கண்ணாடி, கிளட்ச் லிவர், கேபிள் அட்ஜஸ்ட்மென்ட், செயின் அட்ஜஸ்டர், பின் ஆக்சில், ஸ்பார்க் ப்ளக். ஒவ்வொண்ணுலயும் ஸ்பானர் போட்டு பாத்து சைஸ எழுது. நம்ம ஊரு வண்டியள்ல 10, 12, 14 எல்லாத்துலயும் வரும், 8ம் 17ம் கொஞ்சம், ஆக்சிலுக்கு வண்டிக்கு வண்டி மாறும். ப்ளக்குக்கு சின்ன வண்டியள்ல அநேகமா 16 எம்எம் பாக்ஸ் ஸ்பானர். ஆலன் கீ (ஆறு மூலை குழிக்குள்ள விட்டு திருகுத எல் சாவி) எங்க எங்க வருகுன்னு பாரு, புது வண்டியில பாடி முழுக்க அதுதான். அந்த லிஸ்டுல உள்ளத மட்டும் வாங்கு. கூட ஒரு கட்டிங் ப்ளேயர், ரெண்டு பக்கமும் திருப்பி போடுத ஸ்க்ரூ டிரைவர். அவ்வளவுதான் ஸ்பானர் கணக்கு.

வாங்கின பொறவு அந்த டூல் மட்டும் வச்சு வீட்டு முத்தத்துல பின் வீல ஒருக்கா கழட்டி மாட்டு. முத்தத்துல வராதது ரோட்டுல வராது.

கோதையாறு_காத்து

அண்ணன் சொன்னது கொள்ளாம், ஆனா நாம எல்லாம் ஸ்பானர பத்தியே பேசுதோம். ரோட்டுல நிக்கதுல முக்காவாசி பஞ்சர்தான். எனக்கு குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம்தான் ஓட்டம். ரப்பர் தோட்டத்து வழியில ஆணிய விட பால் வடிக்க மரத்துல சிரட்டை கட்டுத கம்பித்துண்டு இருக்கு பாத்தீங்களா, அதுதான் டயருக்கு எமன். சன்னமா இருக்கும், ஏறினது தெரியாது, பைய பைய காத்து இறங்கும்.

ட்யூப்லெஸ்ஸுக்கு கிட் சிம்பிள். ஓட்டைய அராவுத ரீமர், ஸ்ட்ரிப் (ஓட்டைய அடைக்குத ரப்பர் திரி) சொருகுத ஊசி, ஸ்ட்ரிப் ஒரு அஞ்சாறு, ரப்பர் சொல்யூஷன் குட்டி ட்யூப், ஸ்ட்ரிப்ப நறுக்க ஒரு பிளேடு. ஆனா இதுல நெறைய பேரு விடுத காரியம் உண்டு:

ஆணிய பாத்த உடனே புடுங்காதீங்க. காத்து மெதுவாத்தான் இறங்குதுன்னா அது அங்கனயே இருக்கட்டும், அதுதான் இப்ப அடைப்பு. காத்த அடிச்சுட்டு பைய கடை வரைக்கும் ஓட்டிரலாம். புடுங்குததுன்னா ரீமர், ஸ்ட்ரிப், பம்ப் எல்லாம் கையில எடுத்து வச்சுட்டு புடுங்கணும், ஆணி எந்த சாய்வுல போயிருக்கோ அதே சாய்வுல ரீமர விடணும், நேரா விட்டா ரெண்டாவது ஓட்டைதான். ஸ்ட்ரிப்ப நடு வரைக்கும் சொருகி ஊசிய வெடுக்குன்னு இழுத்தா ஸ்ட்ரிப் உள்ள நின்னுக்கும். வெளிய நீட்டிட்டு இருக்கத கொஞ்சம் விட்டு நறுக்குங்க, ஒட்ட நறுக்க வேண்டாம். எச்சி தொட்டு வச்சு பாத்தா குமிழி வருகா இல்லியான்னு தெரியும்.

மழையில டயர் நனைஞ்சிருந்தா சொல்யூஷன் பிடிக்காது, துடைக்க ஒரு காஞ்ச துணி பாலித்தீன் கவருக்குள்ள வச்சிருக்கணும். நமக்கு ரெண்டு மழையும் உண்டுங்கதால சொல்லுதேன். டயரோட பக்கவாட்டுல கிழிஞ்சிருந்தா ஸ்ட்ரிப் போடவே கூடாது, அது ஓடும்போ வளைஞ்சு வளைஞ்சு தெறிச்சு போவும், வண்டிய ஏத்திக்கிட்டுத்தான் வரணும்.

ஸ்ட்ரிப் போட்டுட்டு காத்துக்கு என்ன செய்வீங்க? அங்கதான் கிட் தோக்கும். சார்ஜ் பண்ணி வைக்குத குட்டி பம்ப் சௌகரியம், ஆனா மாசக்கணக்கா சீட்டுக்கு அடியில கெடந்தா சார்ஜ் போயிரும், அத ஞாபகமா ஏத்தணும். எனக்கு கால் பம்ப்பும் கை பம்ப்பும்தான் நம்பிக்கை. சாதா சைக்கிள் பம்ப் வாங்குதவங்க அதோட வாய பாத்து வாங்கணும், நம்ம ஊரு சைக்கிள் வால்வு வேற, பைக் கார் வால்வு வேற. ரெண்டுக்கும் சேருத தலை உள்ளது உண்டு.

மார்த்தாண்டம்_நைட்ஷிப்ட்

ரொம்ப நன்றி அண்ணே ரெண்டு பேருக்கும். டயருக்குள்ள ஊத்துத ஜெல் போட்டா இந்த ஸ்ட்ரிப், பம்ப் ஒண்ணும் வேண்டாம்னு கூட வேலை பாக்குதவரு சொல்லுதாரு, உள்ளதா?

தக்கலை ஸ்பானர்

சின்ன ஆணிக்கு அது கேக்கும், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பெரிய ஓட்டைக்கும் சைடு கிழிசலுக்கும் கேக்காது. டயர் கழட்டும்போ எங்க கையெல்லாம் அந்த பசைதான், சில ஜெல் கட்டியாகி வால்வு நெக்க (வால்வுக்குள்ள திருகி இருக்க குட்டி பின்) அடைச்சிரும், பின்ன காத்து ஏறவும் செய்யாது எறங்கவும் செய்யாது. ஜெல் போட்டிருந்தா கிட்டுல ஒரு வால்வு நெக்கும் அத கழட்டுத குட்டி சாவியும் சேத்து வை. பத்து இருவது ரூவா சமாச்சாரம்.

கோதையாறு_காத்து

ஜெல் விஷயத்துல நான் அண்ணன் கட்சி இல்ல. ராத்திரி ஒத்தையா ஓட்டுதவனுக்கு நிக்காம வீட்டுக்கு போறதுதான் காரியம், மெக்கானிக் கை பசையாவுததுக்கு நாம என்ன செய்ய 😀 ஜெல்லும் போடு, ஸ்ட்ரிப்பும் வை.

பழைய புல்லட்

எல்லாரும் ட்யூப்லெஸ்ஸே பேசுதீங்க. ஸ்போக் வீலு வண்டியள்ல அநேகமா இன்னும் ட்யூப்தான் ஓய், எங்கள மறந்தாச்சா.

ட்யூப் வண்டிக்கு ஸ்ட்ரிப் கிட் வச்சா தண்டம். வேண்டியது டயர் லிவர் ரெண்டு, ஒரு மாத்து ட்யூப், காத்து பம்ப். ரோட்டுல உக்காந்து பேட்ச் ஒட்டுத வேலையே வேண்டாம், ட்யூப மாத்திட்டு பழசு வீட்டுல வந்து ஒட்டிக்கலாம். முன்னும் பின்னும் ஒரே இஞ்ச் வீலுன்னா மெலிஞ்ச முன் ட்யூப் ஒண்ணு போதும், அவசரத்துக்கு பின்னாலயும் போட்டு பைய ஓட்டி வரலாம். அந்த ட்யூப சும்மா டூல் கூட போட்டுராதீங்க. ஸ்பானர் கூட உரசி உரசி, எடுக்கும்போ அதுலயே ஓட்டை இருக்கும். பவுடர் தூவி பழைய சாக்ஸுக்குள்ள போட்டு வைங்க. டயர மறுபடி ஏத்துதுக்கு முன்ன உள்பக்கம் கைய விட்டு தடவி ஆணி இருக்கான்னு பாக்கணும், பாத்து தடவணும், கை கிழியும்.

பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் வச்சிருக்கவங்களுக்கு எம்எம் ஸ்பானர் மட்டும் போதாது, இஞ்ச் சைஸ் நட்டு கெடக்கும், ப்ளக்கு 21 பாக்ஸ். கிளட்ச் கேபிள் புதுசு ஒண்ண பழைய கேபிள் கூடவே ஓட்டி டேப் போட்டு கட்டி வச்சிருக்கேன், அறுந்தா ரெண்டு முனையும் மாத்தி மாட்டுனா போதும், டேங்க கழட்ட வேண்டாம். இது எந்த கேபிள் வண்டிக்கும் செய்யலாம்.

சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் பைக்குல போறவங்க இத கேக்கணும். திருமலையில தொடங்கி திருநட்டாலம் வரைக்கும் 12 கோயில், நூறு கிலோமீட்டருக்கு கொறையாது, ராத்திரி முழுக்க ரோட்டுல ஆளு இருக்கும், ஆனா பொன்மனை பன்னிப்பாகம் பக்கம் ஒரு பஞ்சர் கடை தொறந்து பாத்தது இல்ல. கூட்டமா போறவங்க ஆளுக்கொரு கிட் எடுக்க வேண்டாம், ஒருத்தன் பம்ப், ஒருத்தன் ட்யூப், ஒருத்தன் ஸ்பானர்னு பிரிச்சுக்கலாம். பம்ப் வச்சிருக்கவன முன்னால விட்டுராதீங்க, அவன் எப்பவும் கடைசி வண்டி.

குளச்சல்காரன்

கடக்கரை ஆளுங்களுக்கு ஒரு பிரச்சனை கூடுதல், துரு. முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்பட்டணம் பக்கம் வண்டி வெளிய நிறுத்தினா உப்புக்காத்துல ஸ்பானர் கூட செவந்து போவும். நல்லா இருந்த கட்டிங் ப்ளேயர் ஒரு மழை சீசன் கழிச்சு எடுத்தா வாய் தொறக்காது. டூல எல்லாம் எஞ்சின் ஆயில் தொட்ட துணியில சுத்தி, அத சிப் வச்ச பாலித்தீன் கவர்ல போட்டு, புது செருப்பு டப்பாவுல வருகுத சிலிக்கா பொட்டலம் ரெண்டு உள்ள போடுங்க. துணியில சுத்துததுல இன்னொரு லாபம், குழியில இறங்கும்போ கடகடன்னு சத்தம் வராது.

பேட்டரி டெர்மினல் பச்சை பூத்து நிக்கதும் நம்ம பக்கம் ஜாஸ்தி. செல்ஃப் எடுக்கலன்னா ஒடனே பேட்டரி போச்சுன்னு நெனைக்காம டெர்மினல் லூசா இருக்கா, உப்பு பிடிச்சிருக்கான்னு பாருங்க. ஒரு துண்டு உப்புத்தாள் கிட்டுல கெடக்கட்டும்.

சீட்டுக்கு அடியில டூல் வைக்கவங்களுக்கு ஒண்ணு, பேட்டரியும் அங்கதான் இருக்கும். ஸ்பானர் நழுவி ரெண்டு டெர்மினலுக்கும் குறுக்க விழுந்தா தீப்பொறிதான். பிளஸ்ஸுக்கு ரப்பர் மூடி இல்லன்னா மொத வேலை அத வாங்கி போடுங்க.

ஆரல்_காத்தாடி

இப்ப வைக்குத இடத்துக்கு வருவோம். எனக்கு வேலை முப்பந்தல் பக்கம் காத்தாலையில. ஆடி மாச காத்துல ஆரல்வாய்மொழி கணவாய் வழி வந்து பாத்தவங்களுக்கு தெரியும், வண்டிய அப்படியே அடுத்த லேனுக்கு தள்ளும். அதுல ஒரு பக்கம் மட்டும் கனமான பை தொங்குனா சீன்தான். கனம் கீழ இருக்கணும், நடுவுல இருக்கணும். பின் கேரியர் நுனியில இரும்ப கட்டாதீங்க.

முதுகு பைக்குள்ள டூல் வச்சுட்டு ஓட்டுதவங்க ஒருபாடு பேர பாக்குதேன். மல்லாக்க விழுந்தா முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஸ்பானரும் பம்ப்பும் இருக்கும். தயவு செஞ்சு வேண்டாம். பையில தண்ணியும் மழைக்கோட்டும் மட்டும் போதும்.

சீட்டுக்கு அடியில இடம் இல்லாதவங்களுக்கு வழி இருக்கு. பிளம்பிங் கடையில பிவிசி பைப் துண்டு, ஒரு முனைக்கு ஒட்டுத மூடி, மறு முனைக்கு திருகு மூடி. டூல் சுருட்டி உள்ள போட்டு க்ராஷ் கார்டுலயோ கேரியருக்கு அடியிலயோ கிளாம்ப் போட்டு முறுக்கிரலாம். சைலன்சர்ல இருந்து தள்ளி வைக்கணும், திருகு மூடி முன் பக்கம் பாத்து இருக்கப்படாது, அதிர்வுல கழண்டா எல்லாம் வீலுக்குள்ள போவும். கேபிள் டை கொண்டு கட்டினா வெயில்ல அது பொடிஞ்சு போயிரும், இரும்பு கிளாம்ப்தான் போடணும்.

கட்டுக்கம்பி கொஞ்சம், இன்சுலேஷன் டேப், கேபிள் டை, எம்-சீல். இந்த நாலும் பம்ப்புக்கு அடுத்தபடியா நான் எடுக்கது. சைலன்சர் தொங்குனாலும், நம்பர் பிளேட் ஆடுனாலும், கல்லு பட்டு எஞ்சின்ல ஆயில் கசிஞ்சாலும் வீடு வந்து சேந்துரலாம். பெட்ரோல் டேங்குல ஊசி ஓட்டைன்னா துணி தோய்க்குத பார் சோப்ப அழுத்தி தேச்சு விடுங்க, கொஞ்ச நேரம் அடைச்சு நிக்கும். ஆனா எஞ்சின் ஆறின பொறவுதான், பக்கத்துல பீடி பத்த வைக்காம.

ஸ்கூட்டர் அக்கா

எல்லாரும் வண்டிய பத்தியே பேசுதீங்க, ஓட்டுத ஆளு? அந்த தம்பி ராத்திரி ஒரு மணிக்கு வாறதாச் சொல்லுதாரு. ஆணி குத்தினா குத்தின இடத்துலயே உக்காரணும்னு சட்டமா? டயர் போனாலும் பரவாயில்ல, பைய உருட்டியாவது வெளிச்சம் உள்ள இடத்துக்கு வரணும், பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி வாசல், டீக்கடை. பாலத்து மேலயும் வளைவுலயும் நிக்கவே கூடாது. மார்த்தாண்டம் மேம்பாலத்துல நின்னு ஸ்பானர் பிடிச்சா பின்னால வாற லாரிக்கு தெரியவா செய்யும்?

தலையில மாட்டுத டார்ச் வாங்குங்க. போன் டார்ச்ச வாயில கடிச்சுட்டு ஆணி தேட முடியாது, சார்ஜும் தீரும். மின்னுத ஜாக்கெட் மடிச்சா கையளவுதான் வரும். நேஷனல் ஹைவேஸ்ல நின்னா 1033ன்னு ஒரு நம்பர் இருக்கு, வேற ஆபத்துன்னா 112. மலைப்பக்கம் போறவங்க டவர் இல்லாத இடம் எதுன்னு வீட்டுல சொல்லிட்டு போங்க. கிட்டுல பேண்டேஜ், பஞ்சு, டெட்டால், தீப்புண்ணுக்கு மருந்து. சைலன்சர்ல கை பட்டவங்களுக்கு தெரியும்.

வடசேரி வம்பன்

அக்கா சொன்னா சரிதான். ஆனா நீங்க எல்லாரும் சொன்னத கூட்டினா கிட் எடுக்க தனியா ஒரு ஆட்டோ வேணும் போலயே 😂

தக்கலை ஸ்பானர்

அதுக்குத்தான் லிஸ்ட் போட சொன்னேன். ஆணி, செயின், ஃபியூஸ், கேபிள் இந்த நாலுக்கும் வழி இருந்தா போதும், எஞ்சின் தொறக்குத டூல் ஒண்ணும் கொண்டு போவாண்டாம்.

செயினுக்கு உன் செயின் சைஸ் லாக் (செயினோட ரெண்டு முனையயும் சேக்குத கண்ணி) ஒண்ணு. 428ஆ 520ஆன்னு செயின் தகட்டுலயே அடிச்சிருக்கும், மாத்தி வாங்கினா நுழையாது. லாக்குக்கு கிளிப் போடும்போ அதோட மூடின பக்கம் செயின் ஓடுத திசைய பாத்து இருக்கணும், திருப்பி போட்டா எங்கயாவது தட்டி கழண்டு போவும். சில வண்டியள்ல ரிவெட் அடிச்ச செயின், அதுக்கு லாக் கிடையாது, வெட்டுத டூல் வேணும், அத நீ கொண்டு போவாண்டாம்.

ஃபியூஸ்: பெட்டிய தொறந்து பாரு, செவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. உள்ளதுல ஒவ்வொண்ணு ஸ்பேர் வை. சிகரெட் அட்டைக்குள்ள உள்ள வெள்ளித்தாள சுத்தி ஓட்டுத வேலை வேண்டாம் மக்கா, ஃபியூஸ் எரியாட்டா ஒயர் எரியும். மாத்தின ஃபியூஸும் ஒடனே போச்சுன்னா எங்கயோ ஒயர் உரசி நிக்குன்னு அர்த்தம், ஹேண்டில் திரும்புத இடத்த மொதல்ல பாரு.

நின்ன வண்டியில ஸ்பானர் எடுக்குத முன்ன: கில் சுவிட்ச் (ஹேண்டில்ல எஞ்சின நிறுத்துத சுவிட்ச்) ஆஃப்ல இருக்கா, சைடு ஸ்டாண்ட் முழுசா மேல போயிருக்கா, பெட்ரோல் இருக்கா. பட்டறைக்கு ஆட்டோவுல ஏத்தி கொண்டு வந்த வண்டிய சுவிட்ச தட்டி ஸ்டார்ட் பண்ணி அனுப்பியிருக்கேன், காசு வாங்கவே கூச்சமா இருக்கும். எஃப்ஐ வண்டிக்கு இன்னொண்ணு, பேட்டரி முழுசா செத்து போச்சுன்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணியும் பிரயோசனம் இல்ல, பெட்ரோல் பம்ப் ஓட கரண்டு வேணும். பேட்டரிய நேரத்துக்கு மாத்துததுதான் அதுக்கு கிட்.

குளச்சல்காரன்

காத்து பம்ப் எதுக்கு, வழி நெடுக பஞ்சர் கடை உண்டேன்னு கேக்கவங்களுக்கு: 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ ரோடு முழுக்க ரப்பர் மரம், நாள்கணக்கா கரண்ட் இல்ல. கரண்ட் இல்லன்னா கடையில கம்ப்ரசரும் ஓடாது. அன்னைக்கு தெருவுல கால் பம்ப் வச்சிருந்தவன்தான் ராசா.

மார்த்தாண்டம்_நைட்ஷிப்ட்

அண்ணே, செட்டு வாங்கல. லிஸ்ட் போட்டு தனித்தனியாத்தான் வாங்கினேன், பம்ப்பும் வாங்கியாச்சு. ஞாயித்துக்கிழமை பின் வீல கழட்ட பாத்தேன், ஆக்சில் நட்டு அசையவே இல்ல, ஸ்பானர்ல ஏறி நின்னு பாத்தாச்சு. முன்ன சர்வீஸ் பண்ண எடத்துல கன் (நட்டு இறுக்குத மெஷின்) வச்சு இறுக்கியிருப்பாங்க போல. சென்டர் ஸ்டாண்டும் இல்லாததால வண்டிய தூக்கி நிறுத்தவே வழி இல்ல. என்ன செய்ய?

தக்கலை ஸ்பானர்

ஏறி நிக்காத, ஸ்பானர் நழுவினா கணுக்கால் போவும். ரிங் ஸ்பானர் வாலுல ஒரு முழ நீளத்துக்கு இரும்பு பைப் சொருகி, வண்டி ரெண்டு வீலுலயும் நிக்கும்போ, ஒருத்தர முன் பிரேக் பிடிக்க சொல்லி அழுத்து. அதுக்கு முன்ன துருவுக்கு அடிக்குத ஸ்ப்ரே அடிச்சு கொஞ்சம் ஊற விடு. மறு பக்கம் ஆக்சில் தலையும் சேந்து சுத்தும், அதுக்கும் ஒரு ஸ்பானர் வேணும், அத நெறைய பேரு லிஸ்டுல விட்டுருவாங்க. ஒருக்கா கழண்டா நூல தொடச்சு லேசா கிரீஸ் போட்டு, வண்டி கைட் புக்குல சொன்ன அளவுக்கு ஏதாவது பட்டறையில டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு காட்டுத ஸ்பானர்) வச்சு இறுக்கிக்க. திருப்பி மாட்டும்போ செயின் அட்ஜஸ்டர் கோடு ரெண்டு பக்கமும் ஒரே எண்ணுல நிக்கணும், இல்லன்னா வீல் சாஞ்சு செயினும் டயரும் திங்கும்.

தூக்குததுக்கு: கெட்டி தரையில சைடு ஸ்டாண்ட போட்டு, ஸ்டாண்ட் பக்கமா சாச்சு, எதிர் பக்கம் ஸ்விங் ஆர்முக்கு (பின் வீல தாங்குத கை) அடியில மரக்கட்டை முட்டு குடுத்தா பின் வீல் தரைய விட்டு எழும்பும். முன் பிரேக் லிவர ஒரு ரப்பர் பேண்ட் போட்டு பிடிச்சு கட்டிரு, வண்டி நகராது. பழைய சைக்கிள் ட்யூப வெட்டினா நல்ல ரப்பர் பேண்ட் கிட்டும். ஆனா உனக்கு ட்யூப்லெஸ், ஆணிக்காக வீல் கழட்ட வேண்டி வராது, வண்டிய உருட்டி ஆணி மேல வாறாப்ல நிறுத்தி மாட்டுனபடியே ஸ்ட்ரிப் போட்டுரலாம். அதனால அந்த பெரிய ஸ்பானர் ரெண்டும் வீட்டுலயே இருக்கட்டும், செயின் டைட் பண்ணும்போ எடுத்துக்கலாம்.

ஸ்கூட்டர் அக்கா

அண்ணே, அப்போ ஸ்கூட்டருக்கு? பின் வீல் கழட்டணும்னா சைலன்சரையும் கழட்டணும்ங்காங்க.

தக்கலை ஸ்பானர்

ஆமா அக்கா, அநேக ஸ்கூட்டர்ல அப்படித்தான், ரோட்டுல நடக்காது. உங்க டயரும் ட்யூப்லெஸ்தான்னா ஸ்ட்ரிப் கிட், பம்ப், 10 12 ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், ஃபியூஸ் போதும், சீட்டுக்கு அடியில மழைக்கோட்டுக்கு இடம் மிச்சம் வரும். பம்ப் வாங்கும்போ ஒண்ணு பாத்துக்கங்க, சின்ன வீலுல வால்வு பக்கம் கை நுழையாது, கெட்டியான நேர் மூக்கு பம்ப் அங்க மாட்டாது, ஓஸ் வச்சதா பாத்து வாங்குங்க.